மணிமேகலை காய்ச்சிய சூயிங்கம்

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டு லைன் வீடுகளில் மணிமேகலைக்குக் கோபக்காரி என்று பெயர். அந்தப் பெயரை அவளும் மறுப்பதில்லை. ஆனால் காரணமில்லாமல் அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொந்த அண்ணனைச் சபையில் வைத்து எழுப்பிவிட்டாள், இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று இப்போது உறவுக்காரர்கள் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும். நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டு பேசினால் இன்னும் நன்றாக இருக்கும்.

தில்லை நகரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் அவளுக்கு வேலை. கூட்டுவது, துடைப்பது, டோக்கன் கூப்பிடுவது, டாக்டர் பயன்படுத்திய கருவிகளைக் கழுவி மெஷினில் அடுக்குவது. டாக்டர் பேட்ரிசியா நல்ல மாதிரி. கத்த மாட்டார். ஆனால் வாய் திறக்க முடியாமல் வருகிறவர்களைப் பார்க்கும்போது மட்டும் அந்த அம்மாவின் முகம் கறுத்துவிடும். இருபது வயசுப் பையன் வருவான். பார்க்க வாட்டசாட்டமாக இருப்பான். "மூணு விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள்ள விடுப்பா" என்பார் டாக்டர். ஒரு விரல் போகும், இரண்டாவது விரல் பல்லில் இடிக்கும். பாக்கும் புகையிலையும் கலந்த பாக்கெட்டைக் கன்னத்தில் ஒதுக்கி ஒதுக்கி, உள்தோல் கயிறு மாதிரி இறுகிப்போயிருக்கும். விடாமல் போட்டால் வாய் மேலும் மேலும் பூட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் அதைவிடப் பெரிய வியாதிக்கும் வழி திறக்கும் என்று டாக்டர் சொல்வார். பையன் தலையாட்டிவிட்டுப் போவான். வெளியே போய் எதைக் கன்னத்தில் வைப்பான் என்பது மணிமேகலைக்கு நன்றாகத் தெரியும்.

தெரியாமல் என்ன? அவள் வீட்டிலேயே ஒரு ஆள் இருந்தான். புருஷன் பூவரசன், காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். தலையில் மூட்டை, இரண்டு கையும் மூட்டையைப் பிடித்திருக்கும். பீடி குடிக்கக் கை ஏது? கன்னத்தில் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டால் அது பாட்டுக்கு ஊறும், அசதி தெரியாது. அங்கே பாதிப் பேர் அப்படித்தான். கல்யாணமான புதிதில் ஒரு முழு இட்லியை வாயில் போட்டு மெல்லுகிற ஆள், போன வருஷம் இட்லியை உதிர்த்து உதிர்த்துத் தின்ன ஆரம்பித்தான். மிளகாய்க் காரம் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்தது. தலையில் அடித்துக்கொண்டு மணிமேகலை அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு விரல்தான் போயிற்று.

"இன்னையோட நிறுத்துங்க. நிறுத்தாம நான் எந்த மருந்து குடுத்தும் பிரயோஜனம் இல்ல" என்றார் டாக்டர். "வாய்க்குப் பயிற்சி வேணும். சக்கரை இல்லாத சூயிங்கம் வாங்கி மெல்லுங்க. பாக்கெட் போடணும்னு தோணுறப்பல்லாம் அதைப் போட்டுக்குங்க."

பூவரசன் ஒரே நாளில் அதைத் துப்பிவிட்டான். "சின்னப் புள்ளைங்க மெல்றதுடி இது. மார்க்கெட்ல எல்லாரும் சிரிக்கிறானுங்க. கன்னத்துல வச்சா சுள்ளுன்னு ஒண்ணுமே இல்ல, சவசவன்னு இருக்கு" என்றான்.

இந்த இடத்தில்தான் மணிமேகலையின் பிடிவாதம் வேலைக்கு வந்தது. சுள்ளென்று இருக்க வேண்டும், அவ்வளவுதானே? நானே செய்து தருகிறேன் என்றாள். கிளினிக்கில் கேட்டபோது டாக்டர் பேட்ரிசியா சிரித்துக்கொண்டே, "அந்தக் காலத்துல சூயிங்கம்மே சப்போட்டா மரத்துப் பால்லதான் பண்ணாங்க மணிமேகலை" என்றார். லைன் வீட்டுக்குப் பின்னால் கிழட்டுச் சப்போட்டா மரம் ஒன்று நின்றது. வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டாள். "பழம் எனக்கு, பட்டை உனக்கு. எதையோ பண்ணிக்க" என்று சொல்லிவிட்டார்.

மரத்தில் சாய்வாய்ச் சின்னச் சின்ன வெட்டாகப் போட்டு, கீழே ஒரு கொட்டாங்குச்சியைக் கட்டினாள். வெள்ளைவெளேரென்று பால் வடிந்தது. அதை அடிகனமான சட்டியில் ஊற்றி, அடுப்பைச் சிறுதீயில் வைத்து, கை ஓயாமல் கிளறினாள். தண்ணீர் வற்ற வற்றப் பால் இறுகி, கரண்டியோடு சேர்ந்து எழுந்தது. எடுத்து வெந்நீரில் அலசினாள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கிராம்பு, சுக்கு, அதிமதுரம் மூன்றையும் இடித்துச் சலித்து வைத்திருந்தாள். சர்க்கரை இல்லாத குறையை அதிமதுரம் தீர்த்துவிடும். கிராம்பு கன்னத்தைக் கடிக்கும். எல்லாம் சரியாகத்தான் யோசித்திருந்தாள். பிசைகிறபோதுதான் தப்பு பண்ணினாள்.

பலாப்பழம் அறுத்துப் பழகிய கை எப்படிப் போகும்? பால் ஒட்டும் என்றால் கையில் எண்ணெய் தடவு என்பது நம் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். அவளும் நல்லெண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொண்டு பிசைந்தாள். பார்க்க அழகாய் உருண்டை உருண்டையாக வந்தது. பூவரசன் ஒன்றை வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் மென்றான். முகம் மாறியது. வாய்க்குள் அது கஞ்சியாகக் கரைந்து பல்லெல்லாம் அப்பிக்கொண்டது. அன்று ராத்திரிச் சாப்பாடு முழுக்க அவன் நாக்கால் பல்லைத் துழாவிக்கொண்டே இருந்தான். பலாப் பாலை எந்த எண்ணெய் கரைக்கிறதோ, அதே எண்ணெய் சப்போட்டாப் பாலையும் கரைக்கும் என்பது மணிமேகலைக்கு அப்புறம்தான் உறைத்தது. அடுத்த தடவை வடை தட்டுகிற மாதிரி கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிசைந்தாள். மருந்துப் பொடியில் புரட்டி எடுத்தாள். இந்த முறை கரையவில்லை. இழுத்தால் இழுபட்டது, கடித்தால் கடிபட்டது.

"இது சுள்ளுன்னு இருக்கு" என்றான் பூவரசன். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா? பட்டர் பேப்பரில் ஒவ்வொன்றாகச் சுற்றி, தினமும் அவன் சட்டைப் பையில் போட்டு அனுப்பினாள். சாயங்காலம் அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் கிராம்பும் அதிமதுரமும் கமகமவென்று மணக்கும். பாக்கெட்டை விட்டாயிற்றா என்று கேட்டால், "நம்ம சுபஸ்ரீ மேல சத்தியமா விட்டுட்டேன்" என்பான். சுபஸ்ரீ அவர்களுடைய ஒரே பெண், மூன்று வயசு. பெற்ற பிள்ளைமேல் ஒருவன் பொய்ச்சத்தியம் பண்ணுவான் என்று எவள் நினைப்பாள்?

இனி அண்ணன் கதை. மணிமேகலைக்கு ஒரே அண்ணன், மதுரைவீரன். அப்பா போனபிறகு அவளைக் கட்டிக்கொடுத்தவன் அவன்தான். அம்மா மண்டபம் பக்கம் பெட்டிக்கடை வைத்திருக்கிறான். வெளியே வாழைப்பழத் தாரும் தண்ணீர் பாட்டிலும் தொங்கும். உள்ளே பலகைக்கு அடியில் அந்தப் பாக்கெட்டுகள் இருக்கும். விற்கக்கூடாது என்று அரசாங்கம் சொன்ன சரக்குதான். கண் ஜாடை காட்டினால் கைக்கு வந்துவிடும். பூவரசனுக்கு முதல் பாக்கெட் கொடுத்ததும் அந்தக் கடைதான். "ஏண்ணே, தங்கச்சி புருஷனுக்கே குடுக்கறியே, உனக்கு மனசாட்சியே கிடையாதா?" என்று அவள் எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறாள். "நான் குடுக்கலைன்னா இன்னொருத்தன் குடுக்கப் போறான். நம்ம கடைன்னா நல்ல சரக்காவது குடுப்பேன்" என்பான். விஷத்தில் நல்ல விஷம், கெட்ட விஷம் பார்க்கிற புண்ணியவானை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனாலும் கூடப் பிறந்த பாசம் இருக்கிறதே, அது அறிவைக் கொஞ்சம் மழுக்கத்தான் செய்யும். சூயிங்கம் நன்றாக வந்ததும் ஒரு கண்ணாடி பாட்டில் நிறையப் போட்டு அண்ணன் கடைக்கு எடுத்துப்போனாள். "பாக்கெட் கேட்டு வர்றவங்களுக்கு இத எடுத்துக் குடுண்ணே. எனக்குக் காசெல்லாம் வேணாம். நாலு பேர் விட்டாலே போதும்" என்றாள். மதுரைவீரன் மறுபேச்சுப் பேசாமல் வாங்கி முன்னால் வைத்தான். "எந்தங்கச்சி பெரிய சயின்டிஸ்ட்டு ஆயிட்டா" என்று கடைக்கு வந்தவர்களிடம் பெருமை வேறு. வாரம் தவறாமல் பாட்டில் காலியானது. அண்ணன் திருந்திவிட்டான், சப்போட்டா மரம் குடும்பத்தையே காப்பாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கிளினிக் வேலை முடிந்து வந்து அடுப்படியில் நின்று கை வலிக்க வலிக்கக் கிளறினாள் அந்தப் பைத்தியக்காரி.

சில மாதம் கழித்துப் பூவரசனை மறுபடி டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள். இரண்டு விரல் போன வாயில் இப்போது ஒன்றரைதான். டாக்டர் பேட்ரிசியா உதட்டைக் கடித்தார். "விட்டுட்டீங்களா நிஜமா?" என்று கேட்டார். "விட்டுட்டேன் டாக்டர்" என்றான் பூவரசன், கூசாமல்.

மணிமேகலை யாரைச் சந்தேகப்பட்டாள் தெரியுமா? தன்னை. தன் கைப்பக்குவத்தை. பால் சரியாக இறுகவில்லையோ, பயிற்சிக்கு இன்னும் கெட்டியாக இருக்க வேண்டுமோ என்று அடுத்த முறை கூடுதலாகக் காய்ச்சினாள். சுக்குதான் புண்ணாக்குகிறதோ என்று சுக்கைக் குறைத்தாள். ராத்திரி அவன் தூங்கியபிறகு தாடைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். குற்றவாளி குறட்டை விட, இவள் உட்கார்ந்து அழுதாள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தச் சமயத்தில்தான் சுபஸ்ரீக்குக் காதுகுத்து வைத்தார்கள். கொள்ளிடக் கரையில் அவர்களுடைய குலதெய்வக் கோயில். மொட்டை அடித்து, சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த மடிக்கு உள்ள மரியாதை வேறு எந்த நாற்காலிக்கும் கிடையாது. மதுரைவீரன் பட்டு வேட்டி கட்டி, பட்டுப்பாவாடையும் தங்கத் தோடும் பழமும் நிறைந்த சீர்த்தட்டோடு, மேளம் முழங்க வந்து இறங்கினான். ஒரே தாய்மாமன் அல்லவா?

காது குத்துகிற பத்தர் இன்னும் வந்து சேரவில்லை. ஆண்கள், உறவுக்காரர்கள் வந்திறங்கிய வேன் மறைவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காபித் தட்டை ஏந்திக்கொண்டு மணிமேகலை வேனுக்கு இந்தப் பக்கம் வந்தாள். அந்தப் பக்கம் அண்ணன் குரல் கேட்டது. பூவரசனோடு மூட்டை தூக்குகிற ஒருவனிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"பயப்படாமப் போடுடா. போட்டுத் துப்பிட்டு எந்தங்கச்சி கம்மு ஒண்ண மென்னுக்க. கிராம்பு வாசம் தூக்கியடிக்கும். உம் பொண்டாட்டி மோந்து பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. எங்க மாப்ள தினம் அப்படித்தான் ஓட்டறாரு. கடையில ரெண்டையும் சேத்தேதான் குடுக்கறேன், இப்ப வியாபாரம் முன்னைக்கு எவ்வளவோ மேல்!"

"நெசமாவாண்ணே?" என்று அவன் சிரித்தான். கூட இன்னொரு சிரிப்பும் கேட்டது. அது பூவரசனுடையது.

காபித் தட்டு கையிலிருந்து விழவில்லை. கதைகளில்தான் விழும். அவள் அதை வேன் படியில் பத்திரமாக வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவள் ராப்பகலாகக் காய்ச்சியது மருந்தல்ல, திருட்டுக்குத் திரை. பூவரசன் வாய் இறுகிக்கொண்டே வந்ததற்கு அவளுடைய கிராம்பே காவல் நின்றிருக்கிறது. புருஷன் ஏமாற்றினான் என்பது ஒரு பக்கம். அந்த வழியைச் சொல்லிக் கொடுத்து அதில் வியாபாரமும் பார்த்தவன் கூடப் பிறந்தவன். வேலியே பயிரை மேய்வது என்று கேட்டிருக்கிறோம். இந்த வேலி மேய்ந்துவிட்டு, பயிரின் கையாலேயே வாயும் துடைத்துக்கொண்டது.

பத்தர் வந்துவிட்டார். மதுரைவீரன் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மொட்டைத் தலைக் குழந்தையை மடியில் இருத்திக்கொண்டான். பத்தர் ஊசியைத் துடைத்தார். மணிமேகலை நேரே வந்து குழந்தையைத் தூக்கினாள்.

"எந்திரி."

"என்ன தாயி?" என்றான் மதுரைவீரன், சிரித்தபடி.

"எம் பொண்ணு உன் மடியில உக்கார வேணாம். எந்திரின்னு சொல்றேன்ல."

மேளம் நின்றுவிட்டது. பெரியவர்கள் பதறினார்கள். நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது, தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தினால் அபசகுனம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொன்னாள். பாக்கெட்டையும் கம்மையும் சேர்த்து விற்ற கதை, வேனுக்குப் பின்னால் கேட்டது, இரண்டு விரல் போன வாய் டாக்டரிடம் ஒன்றரையாகிப்போன கணக்கு, ஒன்று விடாமல்.

மதுரைவீரன் முகம் சுண்டியது. "ஊர்ல எல்லாந்தான் விக்கிறான். நான் ஒருத்தன் நிறுத்திட்டா உம் புருஷன் வாய் தொறந்துருமா?" என்று எழுந்தான்.

"ஊர்ல விக்கிறவன் மடியிலெல்லாம் எம் பொண்ண நான் உக்கார வைக்கலயே! உன்னத்தானே உக்கார வச்சேன்?"

அவள் குழந்தையோடு தானே பாயில் உட்கார்ந்தாள். பூவரசன் இடித்த புளி மாதிரி தூணோரம் நின்றான். "குத்தலாமாம்மா?" என்று பத்தர் தயங்கினார். "குத்துங்க" என்றாள். குழந்தை வீறிட்டது. சீர்த்தட்டிலிருந்த தங்கத் தோட்டை எடுக்கப் பத்தர் கை நீட்டியபோது அவள் தட்டை அண்ணன் பக்கம் தள்ளிவிட்டாள். கோயில் வேம்பிலிருந்து இரண்டு குச்சியை ஒடித்துவரச் சொல்லி, அதைத்தான் காதில் செருகினார்கள். மதுரைவீரன் தட்டைத் தூக்கிக்கொண்டு சாப்பிடாமல் போனான். அவனைப் பிடித்து நிறுத்தச் சொல்லி யார் யாரோ அவளைக் கெஞ்சினார்கள். அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பூவரசனுக்கு ரோஷம் வந்தது. "சபையில வச்சு மானத்த வாங்கிட்டியேடி. இனி மார்க்கெட்ல எப்படித் தல நிமிந்து நடப்பேன்?"

"மானமா?" என்றாள் மணிமேகலை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் மரியாதை குறையப் பேசியதில்லை. அன்று குறைந்தது. "பெத்த புள்ள மேல பொய்ச்சத்தியம் பண்ணுன வாய்க்கு மானம் வேறயாய்யா? நானு பட்டறையில நிக்கிற மாதிரி அடுப்புல நின்னேன். நீ மச்சானோட சேந்துக்கிட்டு என்னப் பாத்துச் சிரிச்சிருக்க. அந்த வாய் மூடிப்போச்சுன்னா யாருய்யா கரைச்சு ஊத்துறது? உம் மச்சானா?"

அவன் வெளியே போய்ச் சப்போட்டா மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான்.

மணிமேகலை காய்ச்சுவதை நிறுத்திவிடுவாள் என்று லைன் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். மறுநாளே சட்டியை அடுப்பில் ஏற்றினாள். ஆனால் கிராம்புப் பொடி டப்பாவைத் தொடவில்லை. சுக்கு இல்லை, அதிமதுரம் இல்லை. வெறும் பாலைக் காய்ச்சி, அலசி, தண்ணீர்க் கையால் பிசைந்து எடுத்தாள். மணமும் கிடையாது, ருசியும் கிடையாது. ரப்பரை மெல்லுகிற மாதிரி இருக்கும்.

"இதுல ஒண்ணுமே இல்லயேடி" என்றான் பூவரசன்.

"ஒண்ணும் இருக்கக் கூடாது. மெல்லுங்க. சுள்ளுன்னு வேணும்னா என்னக் கேளுங்க, நான் நாலு வார்த்தை சொல்றேன்."

இரண்டு நாள் கழித்து மதுரைவீரன் யாரோ ஒரு பையனிடம் காலி பாட்டிலைக் கொடுத்தனுப்பினான். இந்தப் புதுச் சரக்கால் பாட்டிலை நிரப்பியே திருப்பி அனுப்பினாள். வாங்கிப் போட்டவர்கள் வாசம் இல்லாத கம்மைக் கடை வாசலிலேயே துப்பினார்களாம். பாட்டில் அதற்கப்புறம் வரவில்லை. அண்ணனும் வரவில்லை. தீபாவளிக்கு வரும் சேலையும் வரவில்லை. அதற்கு அவள் ஒருநாள் அழுதாள். அழுதுவிட்டு எழுந்து வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் பூவரசன் வீட்டு வாசலுக்கு வந்தால், அவள் உள்ளே விடுவதற்கு முன்னால் எதிரில் போய் நிற்பாள். "ஊதுங்க" என்பாள். தெருவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனைப் போலீஸ் நிறுத்துகிற மாதிரி. பக்கத்து வீட்டுக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முதல் நாள் ஊதியபோது புகையிலை நாற்றம் குப்பென்று வந்தது. கதவைச் சாத்திவிட்டாள். அவன் வாசலிலேயே படுத்தான். அடுத்த நாள் ஊத மாட்டேன் என்று முறைத்தான். அன்றும் கதவு திறக்கவில்லை. மூன்றாம் முறையோ நான்காம் முறையோ, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, திறக்கிற அளவுக்குத் திறந்து ஊதினான்.

டீ வாசம் வந்தது. வேர்வை வாசம் வந்தது. மூட்டை தூக்கி அலுத்த மனுஷனின் வெறும் வாய் வாசம் வந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவள் இன்னொரு முறை ஊதச் சொன்னாள். மறுபடியும் ஒன்றும் இல்லை.

இதைப் பார்த்து அவள் மனம் குளிர்ந்தது என்று எழுதினால் பொய். கோபம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. முடிகிறது அல்லவா, இதை அன்றைக்கே செய்வதற்கு என்ன கேடு? கண்ணில் தண்ணீர் முட்ட, அவன் தாடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்தாள்.

"இந்த வாய்க்காகத்தான் இருந்த ஒரே அண்ணன வேணாம்னுட்டேன். இனிமே இது என் வாய். நெனப்புல வச்சுக்க" என்றாள்.

பிறகு வழியை விட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.